எட்டு சரிதான், எந்த எட்டு?

எங்கள் குழு பராமரிக்கும் புகார்த் திரையில் ஒரு நாள் காலை 8 டிக்கெட்டுகள், அதாவது வாடிக்கையாளர் புகார்ப் பதிவுகள், ஒன்றாக மூடப்பட்டன. மூடச் சொன்னவர் அந்தத் திரையில் தினமும் புழங்கும் ஆதரவுப் பணியாளர். அவர் மூடச் சொன்னதும் 8, மூடப்பட்டதும் 8. ஆனால் மூடப்பட்டதில் 3 டிக்கெட்டுகள் அவர் தொடவே தொடாதவை. அவர் டிக் செய்திருந்த 3 டிக்கெட்டுகளோ மூடப்படாமல் அப்படியே கிடந்தன. தவறாக மூடப்பட்ட மூன்று பேருக்கும் “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்று தானாகவே மின்னஞ்சல் போய்விட்டது. அவர்களில் ஒருவர், பணம் இரண்டு முறை பிடிக்கப்பட்டதாகப் புகார் கொடுத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் எழுதிய பதிலை இங்கே அச்சிட முடியாது.

சர்வர் பதிவைப் பார்த்தோம். அந்தப் பணியாளரின் கணக்கிலிருந்து ஒரே ஒரு கோரிக்கை, அதில் 8 டிக்கெட் எண்கள், தவறான மூன்றும் உட்பட. சர்வர் கேட்டதைத்தான் செய்திருக்கிறது. அப்படியென்றால் தவறாக டிக் செய்திருப்பார் என்று முடிவு கட்டிவிட்டோம். நானும்தான். பேச்சுக்கு ஒரு முறை கேட்டுவிடலாம் என்று அழைத்தேன்.

“அந்த மூணையும் நான் டிக் பண்ணவே இல்லைங்க. காலையில ஒரே பிரச்சினைக்கு வந்த எட்டு டிக்கெட், வரிசையா இருந்துச்சு. அதைத்தான் போட்டேன்.”

“நடுவுல வேற ஏதாவது திறந்தீங்களா மேடம்?”

“இல்லையே. டிக் போட்டேன், மூடும் குறிப்பு எழுதினேன், அமுக்கினேன். அப்ப கேட்டதுகூட எட்டு டிக்கெட்டை மூடவான்னுதான்.”

இந்தக் கடைசி வரிதான் உறுத்தியது. எண்ணிக்கை பிசகவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. கை தவறி டிக் செய்பவர் மூன்றைத் தவறாகச் சேர்த்து, அதே மூன்றை மறுமுனையில் விட்டுவிட்டு, கூட்டுத்தொகையை 8 ஆகவே வைத்திருப்பாரா?

என் கணினியில் எத்தனை முறை முயன்றாலும் பிழை வரவில்லை. டிக் செய்தேன், சார்ட் செய்தேன், ஃபில்டர் போட்டேன், மூடினேன். எல்லாம் சரியாகவே நடந்தது. மதியம்தான் உறைத்தது: என் சோதனைத் தரவில் புது டிக்கெட் வருவதே இல்லை. நிஜத் திரையில் பட்டியல் 30 விநாடிக்கு ஒரு முறை தானாகப் புதுப்பிக்கப்படும். புதியது மேலே வந்து உட்காரும். இன்னொரு டேபில் ஒரு டிக்கெட்டை நானே உருவாக்கிவிட்டு இந்தப் பக்கம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியல் ஒரு வரி கீழே நகர்ந்தது. டிக் குறிகள் நகரவில்லை. இருந்த இடத்திலேயே நின்றன, அவற்றுக்குக் கீழே ஆட்கள் மாறினார்கள்.

அப்புறம் கணக்கு தானாகவே விடுபட்டது. அன்று அவர் டிக் செய்தது திரையில் 11 முதல் 18 வரையிலான வரிகள். மூடும் குறிப்பை எழுதும் பெட்டி திறந்தால் பட்டியலை முழுதாக மறைத்துவிடும். அவர் எழுதிய ஒரு நிமிடத்தில் பின்னால் 3 புதிய டிக்கெட்டுகள் வந்தன. முன்பு 8, 9, 10-ஆம் வரிகளில் இருந்தவை 11, 12, 13-க்கு இறங்கி டிக்குக்கு அடியில் வந்து நின்றன. முன்பு 16, 17, 18-இல் இருந்தவை டிக்கைத் தாண்டிக் கீழே போய்விட்டன. மூன்று உள்ளே, மூன்று வெளியே, கூட்டுத்தொகை எட்டு. அவர் சொன்னது அத்தனையும் சரி.

இந்தத் திரை, இணையப் பக்கத்தில் அட்டவணை கட்ட உதவும் டேன்ஸ்டாக் டேபிள் என்ற நிரல் நூலகத்தில் கட்டப்பட்டது. அதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு அடையாளம் உண்டு. நாம் தனியாக எதுவும் சொல்லாவிட்டால், தரவுப் பட்டியலில் அந்த வரி எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அந்த எண்ணையே, அதாவது இண்டெக்ஸையே, அடையாளமாக எடுத்துக்கொள்ளும். எவை டிக் ஆகியிருக்கின்றன என்று திரை நினைவில் வைத்திருக்கும் இடம் தேர்வு ஸ்டேட். அன்று காலை அதில் இருந்தது இதுதான்:

{ 10: ட்ரூ, 11: ட்ரூ, 12: ட்ரூ, … 17: ட்ரூ }

(‘ட்ரூ’ என்றால் டிக் ஆகியிருக்கிறது. எண்ணுவது பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் 11-ஆம் வரி 10 ஆகிறது.) இதில் டிக்கெட் எண் எங்கேயும் இல்லை. “பதினொன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்” என்று எழுதி வைத்துவிட்டு, நாற்காலிகளை இடம் மாற்றாமல் ஆட்களை மட்டும் நகர்த்தியதுபோல.

இவ்வளவு நாள் இது எப்படி மறைந்திருந்தது என்பதுதான் எனக்கு அதிகம் பாடம் சொன்னது. அந்த இண்டெக்ஸ், மூலத் தரவில் உள்ள இடம். திரையில் தெரியும் இடம் அல்ல. ஆகவே உலாவியிலேயே சார்ட் செய்தாலும் ஃபில்டர் போட்டாலும் டிக் சரியான ஆளோடு சேர்ந்தே போகும். சோதிப்பவர் முதலில் செய்து பார்ப்பது அதைத்தானே? பார்த்தோம், தேறியது. மூலத் தரவே மாறும்போதுதான் பிசகும்: பட்டியல் புதுப்பிக்கப்படும்போது, அல்லது அடுத்த பக்கத்தைச் சர்வரிலிருந்து கொண்டுவரும்போது.

இரண்டாவது விஷயம் உண்மையில் முன்பே பிடிபட்டிருக்கிறது. பழைய மாற்றக் குறிப்புகளைப் புரட்டினால், முதல் பக்கத்தில் மூன்றாவது வரியை டிக் செய்துவிட்டு இரண்டாம் பக்கம் போனால் அங்கேயும் மூன்றாவது வரி டிக் ஆகியிருக்கிறது என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். அதற்குத் தீர்வாக, பக்கம் மாறினால் தேர்வை அழித்துவிடு என்று ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. சேர்த்தவர் பெயரைப் பார்த்தேன். நான்தான்.

திருத்தம் ஒரே வரி. ‘கெட் ரோ ஐடி’ என்ற அமைப்பில் டிக்கெட் எண்ணைத் திருப்பித் தரும்படி சொன்னால் போதும். ஸ்டேட்டில் 10, 11 என்பதற்குப் பதில் டிக்கெட் எண்களே சாவியாக நிற்கும். பக்கத்திலேயே இன்னொரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். திரையை வரையும் நூலகமான ரியாக்டில், எந்த வரி எது என்று அது அடையாளம் காணும் ‘கீ’ ஆக இண்டெக்ஸைக் கொடுத்திருந்தால், ஸ்டேட் சரியாக இருந்தும், தன் நிலையைத் தானே வைத்துக்கொள்ளும் செக்பாக்ஸ் பழைய இடத்திலேயே டிக்கோடு நிற்கும். ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை விட்டால் திரை ஒன்று சொல்லும், கோரிக்கையில் வேறொன்று போகும்.

ஐடிக்கு, அதாவது டிக்கெட் எண்ணுக்கு, மாறியபின்னும் பட்டியல் நகர்வதை அப்படியே விட மனமில்லை. டிக் சரியான ஆளிடம் ஒட்டிக்கொண்டாலும், சுட்டியைக் கொண்டுபோகும் அந்த அரை விநாடியில் வரி இறங்கிவிட்டால் பக்கத்து வரியில் டிக் விழும். ஆகவே ஒரு வரியாவது தேர்வில் இருக்கும்வரை புதியவற்றை உள்ளே விடுவதில்லை. பட்டியலுக்கு மேலே “3 புதிய டிக்கெட்டுகள், காட்டு” என்று ஒரு பட்டை மட்டும் வரும். அமுக்கினால் வரும், இல்லாவிட்டால் காத்திருக்கும்.

சரி, முடிந்தது என்று நினைத்தோம். ஒரு வாரத்தில் வேறு பேச்சு கிளம்பியது. “திரையில ரெண்டுதான் டிக் ஆகியிருக்கு, மேல ஆறு தேர்வுன்னு காட்டுது.” ஐடியில் கட்டிய தேர்வு இப்போது ஃபில்டரையும் பக்கத்தையும் தாண்டி உயிரோடு இருக்கிறது. நான்கு டிக்கெட்டுகள் தேர்வில் இருக்கின்றன, கண்ணில் இல்லை. முதலில் எனக்குத் தோன்றியது, ஃபில்டர் மாறினால் அழித்துவிடலாம் என்பது. செய்தோம். அடுத்த நாளே பணியாளர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் வேலை செய்யும் விதமே ஒரு எண்ணைத் தேடி டிக், அடுத்த எண்ணைத் தேடி டிக், கடைசியில் எல்லாவற்றையும் ஒருவருக்கு ஒதுக்குவது என்பதுதான். ஒவ்வொரு தேடலுக்கும் தேர்வு அழிந்தால் அவர்கள் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு பேர் எழுதியும் வைத்திருந்தார்கள்.

இதில் எல்லாத் திரைக்கும் பொருந்தும் ஒரே விதி இருப்பதாக நான் நம்பவில்லை. ஒரே தேடலில் முடியும் வேலைக்கு அழிப்பது நல்லது. பல தேடல்களிலிருந்து பொறுக்கிச் சேர்க்கும் வேலைக்கு வைத்திருப்பதே சரி. எங்கள் வேலை இரண்டாவது வகை. வைத்துக்கொண்டோம், ஆனால் மறைவாக அல்ல. பட்டை இப்போது “6 தேர்வு, அதில் 4 இந்தப் பட்டியலில் இல்லை” என்கிறது. பக்கத்தில் “தேர்ந்தவற்றை மட்டும் காட்டு” என்ற பொத்தான். மூடும்முன் வரும் உறுதிப் பெட்டியில் எண்ணிக்கையை மட்டும் காட்டுவதை நிறுத்தினோம். டிக்கெட் எண், தலைப்பு, அனுப்பியவர் மூன்றும் வரிவரியாக வரும். அன்று காலை இந்தப் பெட்டி இருந்திருந்தால், பணம் இரண்டு முறை பிடித்த புகார் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

தேர்வில் இருக்கும் டிக்கெட்டை இதற்குள் வேறொருவர் மூடிவிட்டால்? பட்டியல் பக்கம் பக்கமாக வருவதால், ஓர் ஐடி கண்ணில் படவில்லை என்றால் அது வேறு பக்கத்தில் இருக்கிறதா, இல்லாமலே போய்விட்டதா என்று உலாவியால் சொல்ல முடியாது. அதை ஊகிக்கும் வேலையை விட்டுவிட்டோம். சர்வர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் தரும்: 7 மூடப்பட்டன, 1 ஏற்கெனவே மூடியிருந்தது.

அதிக நேரம் தின்றது தலைப்பு வரியில் இருக்கும் அந்த ஒற்றை செக்பாக்ஸ். “எல்லாம்” என்றால் எது எல்லாம்? இந்தப் பக்கத்தின் 50 வரிகளா, ஃபில்டருக்குள் அடங்கும் 1,240-ஆ? ஜிமெயில் இதை இரண்டு படியாகப் பிரிக்கிறது. மேலே டிக் செய்தால் பக்கத்தில் இருப்பவை மட்டும் தேர்வாகும். உடனே பட்டியலுக்கு மேலே ஒரு வரி தோன்றி, மீதி அனைத்தையும் சேர்க்கவா என்று கேட்கும். இணையதளம் கட்டும் மென்பொருளான ஜாங்கோவின் நிர்வாகத் திரையும் இப்படித்தான். யோசித்துப் பார்த்தால் வேறு நேர்மையான வழியும் இல்லை. பார்த்ததற்குத்தான் ஒருவர் டிக் போட முடியும். பார்க்காததற்குத் தனியாக ஒரு முறை சம்மதம் கேட்க வேண்டும். நாங்களும் அப்படியே செய்தோம்.

அந்த 1,240-ஐ சர்வருக்கு எப்படி அனுப்புவது? ஐடிகளை வரிசையாக அனுப்பினால் வழியில் எங்காவது ஒரு கூரை தலையில் இடிக்கும். தரவுத்தளங்களில் எஸ்க்யூஎல் சர்வர் ஒரு வினவலோடு 2,100 அளவுருக்களைத்தான் (சேர்த்து அனுப்பும் மதிப்புகளைத்தான்) ஏற்கும், போஸ்ட்கிரெஸ் 65,535. ஜாங்கோவில் இன்னும் வேடிக்கை. ஒரு கோரிக்கையில் 1,000 புலங்களுக்கு மேல் வந்தால் அது இயல்பாகவே மறுத்துவிடும். ஆனால் அதன் நிர்வாகத் திரையின் அழிக்கும் உறுதிப் பக்கம், தேர்ந்த ஒவ்வொன்றையும் ஒரு மறைபுலமாக, கண்ணுக்குத் தெரியாத படிவப் புலமாக, எழுதி வைக்கிறது. ஆயிரத்துக்கு மேல் தேர்ந்து அழிக்கப் போனால் தன் வரம்பில் தானே முட்டிக்கொள்ளும்.

அதனால் பட்டியலுக்குப் பதில் விதியை அனுப்பலாம் என்று போனோம்: “இந்த ஃபில்டருக்குள் வரும் எல்லாம், இந்த 4 நீங்கலாக.” ஏஜி கிரிட் என்ற இன்னொரு அட்டவணை நூலகமும் சர்வர் வழித் தரவுக்கு இதே வடிவத்தைத்தான் வைத்திருக்கிறது: எல்லாம் தேர்ந்தாயிற்றா என்று ஒரு குறி, அதிலிருந்து மாறுபட்ட வரிகளின் பட்டியல். கையடக்கமானது, எத்தனை வரி என்றாலும் அளவு ஏறாது. எங்களுக்குப் பிடித்துப்போய்விட்டது.

குழுவில் எல்லோரிலும் இளையவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். “அவங்க எல்லாம்னு டிக் பண்றப்ப 1,240 இருக்கு. மூடுறதுக்குள்ள ரெண்டு புதுசா வந்தா?” வந்தால் அவையும் மூடப்படும். பழைய பிழையேதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்ப வந்திருக்கிறது. முன்பு நாற்காலி எண்ணைச் சொன்னோம். இப்போது “இந்த அறையில் இருப்பவர்கள் எல்லோரும்” என்கிறோம், கதவைத் திறந்து வைத்துவிட்டு.

முதலில் ஒரு நேரக்கோடு போட்டுப் பார்த்தோம்: பட்டியல் வந்த நேரத்துக்குப் பின் உருவானவற்றைச் சேர்க்காதே. புதிதாகப் பிறப்பவற்றை இது தடுக்கும். ஆனால் ஒரு மாதத்துக்கு முந்தைய டிக்கெட்டை வேறொரு குழு இந்தப் பிரிவுக்கு மாற்றிவிட்டால் அது பழைய தேதியோடு ஃபில்டருக்குள் நுழைந்துவிடும். எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்பி, மாறியிருந்தால் 409 என்று, அதாவது முரண்பாடு என்ற பிழை எண்ணோடு, சர்வர் மறுக்கட்டும் என்றோம். ஒன்று உள்ளே வந்து ஒன்று வெளியே போனால் எண்ணிக்கை மாறாது. எட்டு எட்டாகவே இருந்த கதையை இவ்வளவு சீக்கிரமா மறப்பது?

கடைசியில் உறைய வைத்தோம். “1,240-ஐயும் தேர்ந்தெடு” என்று அமுக்கிய கணத்தில் சர்வர் அந்த ஐடிகளைத் தன்னிடமே எழுதி வைத்துக்கொண்டு ஒரு சீட்டு எண்ணைத் திருப்பித் தருகிறது. அதற்குப்பின் உலாவி அனுப்புவது சீட்டு எண்ணும், நீக்கிய வரிகளும் மட்டும். சீட்டு 15 நிமிடம் செல்லும். கொஞ்சம் கூடுதல் வேலைதான். குறிச்சொல் சேர்ப்பது போன்ற, மாற்றிக்கொள்ளக்கூடிய செயல்களுக்கு இது தேவையில்லை, விதியே போதும். மூடுவதற்கும் அழிப்பதற்கும் மட்டும் வைத்திருக்கிறோம்.

இதற்கிடையே சின்னச் சின்னதாகச் சில. தலைப்பு செக்பாக்ஸின் பாதி நிலை, அந்தக் கோடு போட்ட நிலை, எச்டிஎம்எல்லில் எழுதி வைக்கக்கூடியதல்ல. ஜாவாஸ்கிரிப்டில்தான் வைக்க வேண்டும். “எல்லா வரியும் தேர்ந்தாயிற்றா” என்று ஜாவாஸ்கிரிப்டின் ‘எவ்ரி’ என்ற செயற்கூறு கொண்டு சோதித்திருந்தோம். காலிப் பட்டியலுக்கு அது ஆமாம் என்றே சொல்லும் என்பதால், தேடலில் ஒன்றும் கிடைக்காதபோது தலைப்பு மட்டும் டிக்கோடு நின்றது. யாருக்கும் நஷ்டமில்லை, பார்க்கத்தான் அசிங்கம்.

ஷிஃப்ட் அமுக்கி வரிசையாகத் தேர்வதிலும் பழைய பாவம் ஒளிந்திருந்தது. கடைசியாகத் தொட்ட வரியை நங்கூரமாக நினைவில் வைக்க வேண்டும். அதையும் இண்டெக்ஸாகத்தான் வைத்திருந்தோம். ஐடியாக மாற்றினோம், நங்கூரம் இப்போதைய பட்டியலில் இல்லாவிட்டால் ஷிஃப்டைக் கண்டுகொள்ளாமல் ஒற்றை வரியாக எடுத்துக்கொள்கிறோம். இதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று: செக்பாக்ஸின் ‘சேஞ்ச்’ நிகழ்வில் ஷிஃப்ட் அமுக்கப்பட்டதா என்ற தகவல் கிடையாது. ‘கிளிக்’ நிகழ்வில்தான் இருக்கிறது. நான் அரை நாள் இழந்தேன்.

வரியில் எங்கே தொட்டாலும் டிக் ஆகட்டும் என்று ஒரு கோரிக்கை வந்தது. மறுத்துவிட்டேன். எங்கள் திரையில் வரியைத் தொட்டால் டிக்கெட் திறக்கும்; டிக்கெட் எண்ணை இழுத்துப் பிரதி எடுப்பவர்களும் உண்டு. ஒரே தொடுதலுக்கு மூன்று அர்த்தம் வைத்தால் மூன்றும் கெடும். ஆனால் கோரிக்கைக்குப் பின்னால் இருந்த குறை நியாயமானது: செக்பாக்ஸ் மிகச் சிறியது, குறி தப்பினால் டிக்கெட் திறந்துவிடுகிறது. இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்பதற்காக 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 வழிகாட்டி, தொடும் இடம் 24-க்கு 24 பிக்சலாவது இருக்கட்டும் என்கிறது. அருகில் போதிய இடைவெளி இருந்தால் விலக்கும் தருகிறது. நாங்கள் அந்தக் கட்டம் முழுவதையுமே செக்பாக்ஸின் லேபிளாக்கிவிட்டோம். திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) பயன்படுத்துபவருக்கு ஐம்பது முறை “தேர்வு, தேர்வு” என்று கேட்டுக்கொண்டிருந்ததையும் மாற்றி, ஒவ்வொரு பெட்டிக்கும் டிக்கெட் எண்ணோடு பெயர் வைத்தோம்.

சோதனைகளில் ஒன்று மட்டும் சொல்லத்தக்கது. பழையது, 8 வரி டிக் செய்து மூடினால் 8 மூடப்படுகிறதா என்று பார்த்தது. அன்று காலை நடந்ததை இந்தச் சோதனையிடம் கொடுத்திருந்தாலும் தேர்ச்சி என்றே சொல்லியிருக்கும். புதியது, டிக் செய்தபின் மேலே 3 வரிகளைத் திணித்துவிட்டு, போகும் கோரிக்கையில் உள்ள ஐடிகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது. மேலே திணிப்பது, நடுவில் ஒன்றை உருவுவது, பக்கம் மாற்றுவது என்று மூன்று வகையாக ஓடும்.

அந்த மூன்று வாடிக்கையாளர்களுக்கும் மன்னிப்புக் கேட்டு டிக்கெட்டைத் திரும்பத் திறந்தாயிற்று. மேடமிடமும் கேட்டேன். “நானே தப்பா பண்ணிட்டேனோன்னு ரெண்டு நாள் தூங்கலைங்க” என்றார். அப்புறம் பழைய பதிவுகளைத் தோண்டினோம்: மொத்தமாக மூடப்பட்டு, அதே நாளில் வாடிக்கையாளரே திரும்பத் திறந்த டிக்கெட்டுகள். கொஞ்சம் இருந்தன. அவற்றில் எவை உண்மையிலேயே தீராத புகார்கள், எவை இடம் மாறிய டிக்கினால் மூடியவை என்று பிரிக்க வழியில்லை. டிக் விழுந்த கணத்தில் திரையில் எது இருந்தது என்பதை நாங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இப்போது எழுதுகிறோம். ஒவ்வொரு மொத்தச் செயலோடும், உறுதிப் பெட்டியில் காட்டிய பட்டியல் அப்படியே பதிவாகிறது.